எஞ்சினுக்கு அடியில் நான் வைத்த துண்டு

ஐம்பதுகளில் கல்முனையில் நான் ஒரு பழைய இங்கிலீசுக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாரிகாலத்தில் அதன் எஞ்சினை முன்பக்கம் தாங்கும் ரப்பர் கட்டை பிய்ந்துபோனது. எஞ்சினின் உதறல் வண்டிக்கு ஏறாமல் தடுப்பது அந்தக் கட்டைதான். கொழும்பிலிருந்து புதிதாக வரவழைக்க ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். எனக்கு ஒரு மாதம் இல்லை. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, ஒரு மூச்சும் விடாமல் போனது. இந்த முறை வலி தொடங்கியதுமே மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், வயிற்றைக் கீற வேண்டி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாண்டிருப்பில் தெருவோரமாகப் பட்டறை வைத்திருந்த கொல்லர் ஒருவர் லொறி டயரை வெட்டி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி, அசலைப் போலவே ஒரு கட்டை செய்து தந்தார். பழைய கட்டையை விரலால் அளந்து, அதே தடிப்பில் செய்தார். அதை வாங்கி வந்து நானே பூட்டினேன். பூட்டும்போதுதான் என் மூளை வேலை செய்தது.

எங்கள் பக்கத்தில் வயலுக்குப் போவதென்றால் வாவிக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட தாம்போதி ரோட்டைக் கடக்க வேண்டும். மாரியில் வாவித் தண்ணீர் அந்த ரோட்டுக்கு மேலாகவே ஓடும். கார் இறங்கினால் விசிறி தண்ணீரை அள்ளி எஞ்சின் மேல் வீசும், எஞ்சின் நின்றுவிடும். போன மாரியில் நடுத் தாம்போதியில் நின்றுபோய், மாட்டு வண்டியில் கட்டி இழுபட்டு வந்தேன். இரண்டு வாரம் தேத்தண்ணிக் கடையில் என்னைத் தோணிக்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆகவே விசிறியைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று, கொல்லர் தந்த கட்டைக்கு அடியில் ஒரு விரல் தடிப்பில் இன்னொரு டயர்த் துண்டையும் வைத்து முறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விரல்தானே என்று நினைத்தேன்.

மறுநாளே சத்தம் தொடங்கியது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் ஒன்றுமில்லை. கியரைப் போட்டு இழுத்தால் காலுக்குக் கீழே டொக், டொக் என்று அடித்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், வில்லுத் தகடுகளைப் பார்த்தேன், கதவுகளுக்குக்கூட எண்ணெய் விட்டேன். துண்டு வைத்த இடத்தை மட்டும் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதிலும் பிழை என்னுடையதாக இருக்குமோ என்ற பயம் வந்தால் இன்னும் சீக்கிரம் வரும். நேரே பட்டறைக்குப் போய், ஏழெட்டுப் பேர் நிற்கையில் கத்தினேன்.

“மண்வெட்டி அடிக்கிற ஆளுக்கு எஞ்சின் வேல என்னத்துக்கு? என்ட பொண்டாட்டிய ஏத்திப் போற வண்டி இது!”

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “தம்பி, நான் தந்த கட்டையில பிழ இல்ல. வண்டிய விட்டுட்டுப் போங்க, பாப்பம்” என்றார். விட்டுவிட்டு வந்தால் துண்டு தெரிந்துவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் மனைவிக்கு வலி கண்டது. ஊரில் இருந்த மற்ற வாடகைக் கார் யாரையோ ஏற்றிக்கொண்டு திருக்கோவில் பக்கம் போயிருந்தது. மனைவியையும் அவள் தாயான மாமியையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பள்ளத்தில் இறங்கும்போது இப்போது முன்பக்கத்திலும் ஒரு சத்தம், கிர்ர் என்று எதையோ சுரண்டுவது போல. மட்டக்களப்பு இன்னும் இருபது மைலுக்கு மேல்.

பாண்டிருப்பைத் தாண்டும்போது கொல்லர் ரோட்டுக்கு வந்து கையைக் காட்டினார். சத்தம் அவருக்குத் தூரத்திலேயே கேட்டிருக்க வேண்டும். நிறுத்தினேன். பின்னால் இருந்தவர்களைப் பார்த்தார். உள்ளே போய், ஆணி முறுக்கும் சாவிகளும் கத்தியும் போட்ட சாக்குப் பையோடு வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

“கிளச்ச மிதிங்க.” மிதித்தேன். சத்தம் நின்றது. “விடுங்க.” வந்தது. “இப்ப கியர் இல்லாம உருள விடுங்க.” சத்தம் இல்லை. “அப்ப சக்கரத்தில இல்ல. எஞ்சின் இழுக்கக்குள்ளதான் அடிக்கி” என்றார். பின்னால் மாமி ஓதிக்கொண்டிருந்தார். மனைவி பல்லைக் கடித்திருந்ததால் அவளிடமிருந்து சத்தமே வரவில்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கல்லாற்றுப் பாலத்தைக் கடந்ததும் முன்னால் ஆவி கிளம்பியது. நிறுத்தினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. விசிறியின் நுனி ரேடியேட்டரை உரசி ஒரு கோடு கீறியிருந்தது, அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொல்லர் கீழே படுத்துப் பார்த்தார். “புகைக்குழாய் சட்டத்தில முட்டுது. முன்னுக்கு விசிறி முட்டுது. ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான். எஞ்சின் முன்னுக்கு நிமிந்து, பின்னுக்குத் தாழ்ந்து கிடக்கு” என்றார். சேறு அப்பியிருந்ததால் என் துண்டு அவர் கண்ணில் படவில்லை. “என்ட கட்டை அசல் தடிப்பு. அதால நிமிராது. அப்ப பின்பக்கக் கட்டைதான் அமுங்கியிரிக்கி. கியர்ப் பெட்டிய இறக்கித்தான் பாக்கணும். ரெண்டு மணித்தியாலம் எடுக்கும்.”

அவர் சாவியை எடுத்துப் பின்பக்கமாக நகர்ந்தார். அதற்குள் மனைவி முதல் தடவையாகக் கத்திவிட்டாள்.

“அண்ணே, அங்க வேணாம்” என்றேன். “முன்கட்டைக்கு அடியில நான் ஒரு துண்டு வெச்சிரிக்கன். தாம்போதிக்காக.”

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஜாக்க எடுங்க” என்று மட்டும் சொன்னார். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கால் தூக்கினேன். அவர் முறுக்காணிகளைத் தளர்த்தித் துண்டை உருவி எறிந்து, மறுபடி இறுக்கினார். ரேடியேட்டர்க் கீறலில் துணி தோய்க்கும் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினார், நான் ஓடிப்போய் ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றினேன். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த அரை மணித்தியாலமும் என்னால் வந்ததுதான். வண்டி சத்தமில்லாமல் ஓடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையென்று துடைத்துக்கொண்டேன்.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் பிள்ளை, உயிரோடு. அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது. கொல்லர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பட்டறையில் நான் கத்தியது மனைவியின் காதுக்கும் எட்டியிருந்தது, ரோட்டில் நான் ஒப்புக்கொண்டதையும் கேட்டிருந்தாள். பேசத் தெம்பு வந்ததும் அவள் முதலில் என்னிடம் கேட்டது பிள்ளையைப் பற்றி அல்ல.

“நீங்க அந்த மனிசன ஏசக்குள்ள எத்தின பேர் நிண்ட?”

“ஏழெட்டுப் பேர்.”

“அப்ப அந்த ஏழெட்டுப் பேரும் நிக்கிற நேரமாப் பாத்துப் போங்க.”

போனேன். பட்டறையில் கூட்டம் இருந்தது. சம்மட்டிச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். என்னைக் கண்டதும் அவர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கட்டையில பிழ இல்ல. பிழ என்னிலதான்” என்றேன்.

அவர் பழுத்த இரும்பைத் தண்ணீரில் போட்டு, அதன் சீறல் அடங்கும்வரை காத்திருந்தார். “இன்னொருக்காச் சொல்லுங்க தம்பி” என்றார். “அந்தா, கடைசியில நிக்கிறவருக்குக் கேட்டிரிக்காது.”

சொன்னேன்.