வெயிலில் கழற்றிய பொய்முடி

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் இருக்கும் நோர்வேக்காரர், பல வருடங்களாக என்னிடம் ‘ஹாய்’க்கு மேல் ஒரு சொல் கதைத்தவர் அல்லர். போன வருடம் என் தலைமுடி கொட்டியபோது லிஃப்டில் நேரே கேட்டார்: “க்ரெஃப்டா?” புற்றுநோயா என்று. ஓம் என்றேன். கவலை தெரிவித்துவிட்டு இறங்கிப் போனார். நான் வேலை செய்யும் பார்னஹாகெ என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் என் மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். ஆனால் தமிழர் கண்ணில் படும் இடமெல்லாம் பொய்முடியோடு போனதால், நோர்வேயில் நாங்கள் இருக்கும் இந்த எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தமிழருக்கும் விஷயம் தெரியாது. யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மாவுக்கு இதே நோய் வந்தபோது அயலுக்கு வயிற்றுப்புண் என்றுதான் சொன்னோம். அவருடைய பெண்களுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இப்போது என் மகளுக்குப் பேசுகிறோம். அவளோ, “எனக்காக ஒளிக்க வேண்டாம் அம்மா. இதுக்குப் பயப்பிடுறவன் எனக்குத் தேவையில்லை” என்கிறாள். அவளுடைய அப்பாவின் காதில் அது ஏறவில்லை.

சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் வீட்டில் நான் நோயாளிதான். ஓடலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும் சோற்றுப்பானையை இறக்கக்கூட இவர் விடுவதில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டு மேட்டின் உச்சிவரை நிற்காமல் ஓடி ஏறுவேன், அதன்பிறகு என்னை யாரும் நோயாளி என்று சொல்லட்டும் பார்ப்போம் என்று, ஜூலை மாதத்தின் கொதிக்கிற ஒரு சனிக்கிழமை சப்பாத்தை மாட்டினேன்.

“இந்த வெய்யிலுக்கை தனியவோ?” என்றார் இவர்.

“தனியத்தான்.”

“அப்ப அந்த முடியைப் போட்டுக்கொண்டு போம். சனம் பாக்கும்.”

காட்டுப் பாதையில் வெறும் மேலோடு ஓடிவந்த ஒரு கிழவர் என்னை முந்தும்போது, “உங்களுக்கு இந்த வெயில் பழக்கம்தானே!” என்றார். நானும் பெருமைக்கு ஓம் என்று வைத்தேன். பழகிய வெயிலில் நாங்கள் எங்கே ஓடினோம்? மத்தியானத்தில் கதவைச் சாத்திவிட்டு அல்லவா படுத்திருந்தோம். பாதி ஏற்றத்தில் பொய்முடிக்குள் தலை அவிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கிப் பாதை தெரியவில்லை. ஒன்று நான் நிற்க வேண்டும், அல்லது அதைக் கழற்ற வேண்டும். ஓடிக்கொண்டே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். நகமளவு முளைத்திருந்த முடியில் காற்றுப் பட்டது. கெண்டைக்கால் நடுங்க, என்னையே திட்டிக்கொண்டு ஏறினேன். நிற்கவில்லை.

உச்சியில் தமிழ்க்குரல் கேட்டது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் வசந்தி, கணவரோடு பாறையில் குந்தியிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையிலிருந்ததை மறைக்க எனக்கு நேரமில்லை.

“அக்கா! என்ன இது? கோயிலுக்கு நேர்த்தி வைச்சு மொட்டை போட்டனீங்களோ?”

நல்ல பெண். எனக்குச் சொல்ல வேண்டிய பொய்யைத் தானே எடுத்து நீட்டினார். தலையை ஆட்டினால் போதும். ஆட்டாவிட்டால், நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி கனடாவுக்குப் போய்விடும்.

“இல்லை வசந்தி,” என்றேன். “புற்றுநோய் வந்தது. இப்ப சுகம். கீழையிருந்து நிக்காமல் ஓடி வந்தனான்.”

ஆஸ்பத்திரியில் அத்தனை மாதங்களும் அந்த நோயின் பெயரை நோர்வேஜிய மொழியில்தான் சொல்லியிருந்தேன். வீட்டில் ‘வருத்தம்’ என்பதோடு சரி. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. தமிழில் முதல்முறை சொன்னதும், அந்தப் பாறையிலேயே இருந்து விம்மி விம்மி அழுதேன்.