வெள்ளை உறையில் ஒரு கரும்புள்ளி

மாடி வீட்டுத் தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். பொய்யில்லை. ஆனால் அன்று வீட்டுக்காரர் வாசலில் நின்று, கணுக்காலைச் சொறிந்துகொண்டே சொன்னதைக் கேட்டால் யாருக்குத்தான் வராது?

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடும்மா. தெள்ளுப்பூச்சி கீழ எங்க வீடு வரைக்கும் வந்துடுச்சு. முடியாதுன்னா நீ காலி பண்ணு."

"பூச்சி காலி பண்ணும் சார். நாங்க ரெண்டு பேரும் பண்ண மாட்டோம்."

இரண்டு பேர் என்றது தன்னையும் கிழவனையும். கிழவன் என்பது நாயின் பெயர். கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன அதே வருடம் குட்டியாக வந்து ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருடமாக அவளை விட்டு நகரவில்லை. இப்போது காதும் கேட்காது. அதைத் தெருவில் விடுவதாம்!

வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். கால்நடை மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தைக் கிழவனின் பிடரியில் விட்டாள். படுக்கை விரிப்பு, திரைச்சீலை, மிதியடி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு அலசினாள். தரை இடுக்குகளைக் கத்தி முனையால் சுரண்டிப் பெருக்கினாள். வெள்ளை லைனிங் துணியில் முழங்கால் வரை உறை தைத்து, அதை மாட்டிக்கொண்டு காலையில் அறை அறையாக நடந்தாள். தாவி ஏறும் பூச்சி வெள்ளையில் பளிச்சென்று தெரியும். திங்கட்கிழமை பதினேழு. வியாழக்கிழமை பதினாறு.

நான்கு நாள் முதுகொடிந்ததற்கு ஒரே ஒரு பூச்சிதான் குறைவா? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கிழவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போல் மிஷினுக்கு அடியிலிருந்த வெட்டுத்துணி மூட்டையில் போய்ச் சுருண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டையே துவைத்தவள் அந்த மூட்டையை மட்டும் தொடவில்லை. எந்தத் தையல்காரி வெட்டுத்துணியை அழுக்கு என்று நினைப்பாள்? ஒட்டுப்போட ஆகும், பட்டி வைக்க ஆகும் என்று வருடக்கணக்கில் சேர்த்தது. பிரித்துப் பார்த்தால் அடித்துணியெல்லாம் மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்பு. அதிலிருந்து நாலைந்து தாவின.

"குத்தவாளி நான்தான்டா," என்றாள் கிழவனிடம். மூட்டையைப் பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டாள். வயிறு எரிந்தது. போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வீட்டுக்காரருக்கும் ஒரு ஜோடி உறை தயாராக இருந்தது.

"மாட்டிக்கிட்டு நடங்க சார்."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். இரண்டு அறையும் நடந்தார். இடது காலில் ஒரு கரும்புள்ளி.

"பாத்தியா! இருக்குல்ல?"

அவள் அதைக் கிள்ளியெடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டாள்.

"ஒண்ணு. திங்கக்கிழமை பதினேழு. கூட்டுக்குள்ள புழுவா இருக்கிறது இன்னும் ரெண்டு வாரம் பூச்சியா வெளிய வந்துகிட்டுதான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். தினம் வந்து நடங்க, நீங்களே எண்ணுங்க. துணி மூட்டையைக் கட்டிக்கிட்டு அழுதது என் தப்பு, என்னைத் திட்டுங்க. அவனைத் தெருவுல விடுன்னு சொன்னீங்கன்னா, இந்தப் படியில ரெண்டு பேரும் சேர்ந்துதான் இறங்குவோம்."

வீட்டுக்காரர் கிழவனைப் பார்த்தார். மூட்டை போனதால் வெறும் தரையில் படுத்து, எதுவும் காதில் விழாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

"ஏழு மணிக்கு. உறையைத் துவைச்சு எடுத்துட்டு வாங்க."