மொட்டைத் தலையும் காதுக் கருவியும்

பத்தாவதோடு நின்றவன் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதுதான் வழி.

என் அக்கா மகளுக்குக் காய்ச்சலில் காது போனது. போன வருஷம் அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் கருவி வைத்தார்கள். அதன் வெளிப்பாகம் ஒரு வில்லை. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால்தான் கேட்கும். காது கேட்டால் திருமலையில் மொட்டை போடுவதாக அவளே வேண்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மலைக்குப் போன அன்று, புத்தூர் மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் பெண் பார்க்க வருவதாகப் போன் வந்தது. கருவி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. முடி மறைத்துவிடும் என்று அக்கா நம்பியிருந்தாள்.

மொட்டை போடும் கூடத்தில் அக்கா கெஞ்சினாள். "மொட்ட வேணான்டி, மூணு கத்தெர முடி வெட்டிக் குடுத்தா போதும். பொம்பளைங்க நெறைய பேரு அப்டிதான் குடுக்கறாங்க. சாமி கோச்சிக்க மாட்டாரு."

"வேண்டிக்கினது நானு. தலையும் என்னுது. இத ஒளிச்சி வச்சிக்கினு எத்தினி நாளிக்கிம்மா குடும்பம் பண்றது?"

"தலையில மிஷினோட எவன்டி கட்டிக்குவான்?"

மகள் வில்லையைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். "மாமா, பத்திரம். அம்மா கத்தி முடிச்சதும் குடு" என்று சிரித்தாள். அக்கா கத்திக்கொண்டே இருந்தாள். மகள் எதுவும் கேட்காமல் தலையைக் குனிந்து உட்கார்ந்தாள். கேட்பதையும் கேட்காமல் இருப்பதையும் தானே முடிவு செய்கிற ஒருத்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

மழித்த தலையில் தழும்பு தெரிந்தது. வில்லையை வாங்கி ஒட்டிக்கொண்டாள். தலையை மூட அக்கா நீட்டிய துண்டை வாங்கவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தலையிலிருந்த வில்லையைப் பார்த்து, அது மழையில் நனையலாமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். நனையக்கூடாது என்று இவள் சொன்னாள். "அப்ப வீட்ல கொட ஒண்ணு வாங்கி வக்கிறேன்" என்றார் அவர்.