ரொவீனா தூக்கிய கை

எங்கள் ஸ்டில்சன் ஊரில் ரொவீனா டட்டிலைப் பிடிக்காதவர்கள் உண்டு. அவள் பேச்சை மீறுகிறவர்கள் கிடையாது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் படித்தவள், அதனால் 'அவள்' என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளுகிறான் என்று கண்ணாடியில் பார்த்தே சொல்லிவிடுவாள். அன்று கிள்ளினவர்கள்தான் இன்று ஊர்ப் பெரிய மனிதர்கள். இருபத்திரண்டு வருஷமாக ஊர்க்கூட்டத்துக்கு அவளையே தலைவியாகத் தேர்ந்தெடுத்து வந்தோம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஊர்க்கூட்டம் நடக்கும் மார்ச் முதல் செவ்வாய் என்றால் எங்களுக்குத் திருவிழா. சேற்றுப் பூட்ஸோடு மண்டபத்தில் உட்கார்ந்து, சாலைக்கு எத்தனை லோடு ஜல்லி, தீயணைப்பு வண்டிக்குப் புது டயர் வேண்டுமா என்று நாங்களே கைதூக்கி முடிவு செய்வோம். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக் கூடாது, தலைவியைப் பார்த்துத்தான் பேச வேண்டும். பதினோரு வருஷம் முகம்கொடுத்துப் பேசாத கிரேவ்ஸ் சகோதரர்கள், ஒரு மதகுக்காக ஒரு மணி நேரம் ரொவீனா வழியாகவே சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனார்கள். டிவியைத் திறந்தால் நாடே இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. அவர்களுக்கு ஒரு ரொவீனா இல்லாததுதான் குறை என்பேன் நான்.

போன வருஷம் இதற்கே வேட்டு வைக்க ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவள் டார்லா குஷிங், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். கூட்டத்தில் கைதூக்க வேண்டாம், காலை முதல் இரவு வரை ஓட்டுப் பெட்டி வைத்தால் அவரவர் வந்து சீட்டுப் போடலாம் என்றாள்.

"தலைவரம்மா, இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ நான். பதினாலு வருஷத்துல இன்னைக்குத்தான் கூட்டத்துக்கு வர முடிஞ்சுது. அதுவும் ஒரு மணி வரைக்கும்தான். அப்புறம் டியூட்டி."

நான் சும்மா இருப்பேனா? எழுந்தேன். சீட்டுப் போட்டுவிட்டுப் போகிறவன் அடுத்தவன் சொல்வதை எப்போது கேட்பான் என்று தலைவியிடம் கேட்டேன். நல்ல கைதட்டல். ரொவீனா சிரிக்கவில்லை. ஆனால் அவளும் என் கட்சி என்பது ஊருக்கே தெரியும். தீர்மானம் ஜெயித்தால் அவள் நாற்காலிக்கு வேலையே இல்லை.

வாக்கெடுப்புக்கு முன்னால் சாப்பாடு. ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுவந்த பீன்ஸ், பன்றி இறைச்சி, ரொட்டி. மேப்பிள் பாகு கேக் மட்டும் அடுப்பிலிருந்து வரத் தாமதம். இன்னொரு கால் மணி கொடுங்கள் என்று கத்தியது நான்தான். ரொவீனா கொடுத்தாள், அவளும் இரண்டு துண்டு சாப்பிட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி ஒன்றேகால். டார்லாவின் நாற்காலி காலியாக இருந்தது.

கைகளை இரண்டு முறை எண்ணினார்கள். ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு. சமமானால் தீர்மானம் தோற்றது என்று கணக்கு. முடிவை மாற்றும் என்றால் மட்டும் தலைவிக்கு ஒரு ஓட்டு உண்டு. அவள் வாயைத் திறக்காமல் சுத்தியலைத் தட்டினாலே போதும், நாங்கள் ஜெயித்தோம். நான் பக்கத்து ஆளின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

ரொவீனா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கினாள். "ஆதரவு அம்பத்தொம்பது" என்றாள்.

தலைவரம்மா என்ற மரியாதையெல்லாம் விட்டுவிட்டு எழுந்து கேட்டேன்.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? நீயே வேணாம்னு நெனச்ச தீர்மானந்தானே?"

"இப்பவும் வேணாம்னுதான் நெனைக்கிறேன். ஆனா அவ ஒரு மணிக்குப் போகணும்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தா. நாம கேக் தின்னுக்கிட்டு இருந்தோம். அவ வேலைக்குப் போனதால நான் ஜெயிச்சேன்னா, நாளைக்கு அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த மார்ச்சில் முந்நூற்றுப் பதினாறு பேர் சீட்டுப் போட்டார்கள். ஊரில் இத்தனை பேர் இருப்பதே எனக்குத் தெரியாது. அதைச் சந்தோஷமாகச் சொல்லவும் மனசு வரவில்லை. சண்டை போட ஒரு இடமில்லாமல் செவ்வாய்க்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ரொவீனாவிடம் போய்ப் புலம்பினேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. சண்டைய எங்கிட்டப் போடு."