நூற்றுப் பன்னிரண்டும் நூற்றுப் பதிமூன்றும்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு ‘ஸ்கேன் அக்கா’ என்றுதான் பெயர். பதினோரு வருடமாகப் பழைய புத்தகங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறாள். கை பாட்டுக்குப் பக்கம் புரட்டும், வாய் பாட்டுக்கு வீட்டுக்கதை பேசும். புத்தகம் முடிந்ததும் பக்கங்களை எண்ணிப் பார்த்து, படிவத்தில் ‘முழுமை’ என்ற கட்டத்தில் டிக் போடவேண்டும். அக்கா டிக் போடுவாள். எண்ணி நான் பார்த்ததில்லை. பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் எனக்கு அதைக் கேட்க வாயும் இல்லை.

ஒருநாள் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். கைக்குழந்தைக்காரி, இங்கே வந்துபோக முடியாமல் எங்கள் தளத்தை நம்பியே ஆய்வு செய்கிறவள்.

“அக்கா, ஆலைத் தொழிலாளர் கணக்கெடுப்புல பக்கம் நூத்திப் பன்னெண்டும் நூத்திப் பதிமூணும் காணோம். புத்தகத்துல இருக்கான்னு பாத்துச் சொல்றீங்களா?”

புத்தகம் மேல்மாடியில் இருந்தது. எண்ணாதது வெளியே வந்துவிடுமே என்று அக்காவுக்குப் பயம். போனைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்திருந்துவிட்டு, “பாத்துட்டேம்மா, மூலத்துலயே கிழிஞ்சிருக்கு,” என்று கூசாமல் சொல்லிவிட்டாள்.

“பரவால்லக்கா. நீங்க பாத்துச் சொன்னதே பெருசு.”

அந்த வார்த்தை உறுத்தியிருக்கவேண்டும். மறுநாள் மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். இரண்டு தாள்கள் லேசாக ஒட்டியிருந்தன, அவ்வளவுதான். பெண் தொழிலாளர் பட்டியல் முழுசாக உள்ளே இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள். அந்த நாளை எட்டு மாதம் வரவேயில்லை. அக்காவின் வீட்டுக்கதையும் நின்றுபோனது. ஏதாவது கேட்டால் என்மேல் எரிந்து விழுந்தாள்.

போன திங்கட்கிழமை மாணவி தன் ஆய்வேட்டை அன்பாக அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு. ஓர் அடிக்குறிப்பில், ‘இப்பக்கங்கள் மூலநூலிலேயே கிழிந்துள்ளதால் பெண்களின் எண்ணிக்கையை அறிய வழியில்லை’ என்று இருந்தது. நன்றிப் பக்கத்தில், ‘எனக்காகத் தேடிப் பார்த்த நூலக அக்காவுக்கு.’ அதைப் படித்துவிட்டு அக்கா அழுதாள். அப்போதுதான் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினாள்.

“சத்தமில்லாம அந்த ரெண்டு பக்கத்தையும் ஏத்திடுங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன். என் புத்தி அப்படி.

“ஏத்தினா அந்தப் பொண்ணுல்ல பொய்க்காரி ஆயிடுவா?”

இரண்டு பக்கங்களையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டு, என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போன் போட்டாள். எண்ணாததை, பார்க்காமலே சொன்னதை, பார்த்த பிறகும் மறைத்ததை, ஒன்று விடாமல் சொன்னாள். மாணவி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தேர்வைத் தள்ளிப்போடச் சொல்லி, அந்த இயலைத் திரும்ப எழுதவேண்டும் என்றாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உங்க தளத்துல முப்பது புத்தகம் படிச்சிருக்கேன்க்கா. அதுல எதெல்லாம் எண்ணிப் பாத்தீங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் நூற்பட்டியலில் இருந்த அந்த முப்பதில் பன்னிரண்டுக்கு எண்ணாமல் டிக் போட்டவன் நான்.