டிரங்குப் பெட்டிக்கு அடியில் பூத்தது

எழுபதுகளின் நடுவில், நான் தூத்துக்குடியில் தாவரவியல் படித்த வருஷம், ஐப்பசி மழை பொய்த்தது. கார்த்திகையும் கைவிரித்தது. ஊரே குடிதண்ணீருக்கு அலைந்தபோது எனக்கிருந்த ஒரே கவலை பூ. இருபத்தைந்து செடிகளைப் பூவோடு பறித்து, காயவைத்து, தாளில் ஒட்டித் தர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எங்கள் மிஸ் ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் பிராக்டிகல் பரீட்சை இல்லை.

எப்படியோ இருபத்துநாலு தேறிவிட்டது. கடைசி ஒன்றுக்காக உப்பளக் கரையெல்லாம் அலைந்தேன். துணைக்கு என் வகுப்புத் தோழி. கடற்கரைக்காரி, வாய் ஓயாதவள், தன் ரெக்கார்டை எப்போதோ முடித்துவிட்டவள். பச்சையாக இருக்க வேண்டிய உமிரிச் செடிகள் தாகத்தில் கருஞ்சிவப்பாகிக் கிடந்தன. நடுவே, தடித்த இலையோடு தரையில் படர்ந்த ஒரு பூடு. அதில் கடுகளவு இரண்டு மொட்டு.

"ஏளா, பறிச்சிப் போடு. மொட்டப் பாத்துப் பாவப்பட்டாவது கையெழுத்துப் போடுவாவ," என்றாள்.

இப்படிச் சதைப்பிடிப்பான செடியை முதலில் கொதிதண்ணீரில் முக்கிக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. பஸ்ஸில் சிரித்த சிரிப்பில் அது அடியோடு மறந்துபோனது. அப்படியே செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே டிரங்குப் பெட்டியை ஏற்றினேன்.

பத்து நாள் கழித்துப் பிரித்தால், செடி சாகவில்லை. வெளிறிய தளிர் ஒன்று தாளின் ஓரம்வரை ஓடியிருந்தது. ஒரு மொட்டு சப்பையாக, ரோஸ் நிறத்தில் விரிந்திருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

மறுநாள் மிஸ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இலையை நகத்தால் கீறினார். ஈரம் கசிந்தது.

"மழையில்லாத வருஷம். இலையில சேத்து வச்ச தண்ணியில பிழைச்சிருக்கு," என்றார். "சாகப்போறோம்னு ஆனா சில செடி அவசரமாப் பூத்துரும்."

கையெழுத்துப் போட்டார். அங்கேயே குதிக்கலாம் போலிருந்தது எனக்கு.

"கொதிதண்ணியில முக்கல. அதுக்கு ஒரு மார்க் கழிச்சிருக்கேன்."

முக்கியிருந்தால் பூ ஏது என்று கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற தோழி என் காலை ஓங்கி மிதித்தாள். மிதித்த காலை எடுக்காமலே, "சரி மிஸ்" என்று எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள்.