சிறந்த நகைச்சுவை நடிகருக்கான சான்றிதழ்

"ஞாயிறு. காலையில் மழை. விருதுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. திறமையைப் பார்த்தல்ல, தேவையைப் பார்த்து. அந்தோனி அண்ணர் சிரித்தார். பிறகு தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்."

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் எழுதிவைத்த குறிப்பு இது. நாளும் மாதமும் ஆண்டும் மேலே தெளிவாக இருக்கின்றன. எதற்கும் தேதி போடாவிட்டால் எனக்கு நித்திரை வராது என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இதில் வரும் சிலர் இன்னும் இருக்கிறார்கள் என்பதால், இந்த ஒரு முறை தேதியை எழுதாமல் விடுகிறேன்.

பழைய குறிப்புக் கொப்பிகளைத் தோண்டவைத்தது ஒரு மணம். போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு கடையில், என் முதியோர் அட்டையை லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டு நின்றேன். இயந்திரம் சூடாகி அந்தப் பிளாஸ்டிக் மணம் வந்ததும் கடைப் பெடியன் என்ன கேட்டான் என்பதே காதில் விழவில்லை. மறுபடி தொண்ணூறுகளில், அதே மணத்தில், அதே வீதியில், இன்னொரு கடையில், எங்கள் நடிகன் யோகராசாவுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் கையில் அரச இலச்சினை பொறித்த சான்றிதழ் இருந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும்படி அதைச் சிறிதாகப் பிரதி எடுத்து லேமினேட் செய்யச் சொன்னான். "வடிவாச் செய்யுங்கோ அண்ணை, தண்ணி போகக்கூடாது" என்று கடைக்காரரிடம் இரண்டு தரம் சொன்னான்.

விருது வாங்கியவர்கள் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். நாங்கள் அதைச் சட்டைப் பையில் வைக்க வாங்கினோம்.

'மேல்மாடியில் இடமில்லை' என்ற தொலைக்காட்சித் தொடரை இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஞாயிறு மாலை, அரை மணித்தியாலம். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ், அதன் கஞ்ச முதலாளி, வாடகை கொடுக்காத ஒரு வாடகைக்காரன். அவ்வளவுதான் கதை. முதலாளியாக நடித்தவர் கொட்டாஞ்சேனை அந்தோனி அண்ணர். பள்ளிக்கூட மண்டபங்களிலும் தேவாலய விழாக்களிலும் வாழ்நாள் முழுக்கச் சிரிக்கவைத்தவர். வாடகைக்காரனாக நடித்தவன் யோகராசா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிஜமாகவே ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவன். நான் பகலில் ஒரு கம்பனியில் கிளார்க். சனி ஞாயிறுகளில் வசனங்களைப் பிரதி எடுப்பேன். போன காட்சியில் யார் எந்தச் சட்டை போட்டிருந்தார்கள் என்று குறித்துவைப்பேன். எனக்கு அங்கே வைத்த பெயர் 'கலண்டர்'.

பெயர் வைப்பது அந்தோனி அண்ணரின் வேலை. யோகராசா முதல்நாள் ஒத்திகைக்கு வந்தபோது அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யோகராசான்னு டைட்டில்ல போட்டா சாத்திரம் சொல்ல வந்த ஆள்னு நினைச்சுக்குவாங்க மகன். நீ இனி நிலான்."

"அதென்ன அண்ணை, நிலான்?"

"எனக்கும் தெரியாது. கேக்க ஸ்டைலா இருக்கில்ல?"

அன்றிலிருந்து திரையில் அவன் நிலான், எங்களுக்கு யோகன். அண்ணருக்கே மேடைப்பெயர்கள் மூன்று இருந்தன. நாடகக்காரருக்கு இரண்டு பெயர் என்பது எங்களுக்கு இரண்டு சட்டை போல.

தொடரில் போர் இல்லை. போட முடியாது, போடவும் நாங்கள் விரும்பவில்லை. லொட்ஜில் தங்கும் தமிழர் பொலிஸில் பதியவேண்டிய காலம் அது. எங்கள் லொட்ஜ் கதையில் பொலிஸ் பதிவு இல்லை, இராணுவச் சுற்றிவளைப்பு இல்லை. கதவு தட்டப்பட்டால் வாடகை கேட்க முதலாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம், உடனே எல்லோரும் சிரிக்க வேண்டும். ஒருநாள் ஒத்திகையில் பலகையைத் தட்டிச் சத்தம் எழுப்பியபோது, கட்டிலில் படுத்திருந்த யோகன் எழும்பி, வசனத்தை மறந்து, அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அடுத்த வசனத்தை யாரும் தொடங்கவில்லை. அதன்பிறகு அண்ணர் கதவைத் தட்டுவதை விட்டு, வெளியில் நின்று இருமத் தொடங்கினார். அந்த இருமலைப் பாராட்டிப் பிறகு ரசிகர் கடிதங்கள் வந்தன.

தொடர் பெயர் எடுத்தது. தெருவில் யோகனைக் கண்ட சிறுவர்கள் "டேய் நிலான், வாடகையக் குடு" என்று கத்துவார்கள். ஒரு நடிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவனோ தலையைக் குனிந்துகொண்டு மற்றப் பக்கம் கடந்துவிடுவான். தெருவில் தன்னை ஒருவரும் கவனிக்காத நாள்தான் அவனுக்கு நல்ல நாள்.

இந்த நிலையில்தான் அந்த விருது விழா அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் சிறந்த நகைச்சுவை நடிகருக்கு ஒரு பெயரை மட்டும் அனுப்பலாம். தெஹிவளையில் தயாரிப்பாளரின் வீட்டுக் கராஜில் கூடினோம். அண்ணரின் பெயரைத் தவிர வேறு பெயர் இருக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. அவர் அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அப்போதுதான் தயாரிப்பாளர், சான்றிதழில் அரச இலச்சினை இருக்கும், மேலே சிங்களத்திலும் கீழே தமிழிலும் எழுதியிருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

எல்லோருக்கும் ஒரே நினைவு. அதற்கு முந்தின மாதத்தில் மட்டும் யோகனைப் பொலிஸ் மூன்று தரம் பிடித்து, இரவு முழுக்க வைத்திருந்து விட்டிருந்தது. 'கொழும்பில் என்ன வேலை' என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது, காட்ட ஒரு தாள் இல்லை.

அண்ணர்தான் முதலில் பேசினார்.

"பொடியன்ட பேரப் போடுங்க."

"இல்லையண்ணை. அது உங்கட விருது. நான் எடுத்தா எனக்கு நித்திரை வராது."

"இப்ப மட்டும் லொட்ஜில நித்திரை வருதாக்கும். டேய், என்னய கொட்டாஞ்சேனையில நாய்க்கும் தெரியும். எந்த செக்பொயின்ட்ல என்னய மறிக்கப் போறான்? எனக்கெதுக்குடா சிங்கம் போட்ட பேப்பர்?"

எல்லோரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். தேத்தண்ணி வந்தபோது அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது.

தயாரிப்பாளர் விண்ணப்பத்தில் யோகனின் பெயரை எழுதினார். தொடரின் டைட்டிலில் எப்படி இருந்ததோ அப்படியே, நிலான் என்று எழுதினார். நடுவர்களுக்கு அந்தப் பெயர்தானே தெரியும். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

யோகன் வென்றான். கருணைக்காக அல்ல, உண்மையாகவே நன்றாக நடித்தான் என்பதையும் பதிவு செய்யவேண்டும். விழா மண்டபத்தில் "நிலான்" என்று அழைத்தபோது முதலில் எழுந்து கைதட்டியவர் அந்தோனி அண்ணர். பக்கத்திலிருந்த என்னிடம், "நடையப் பாரு, வாடகை குடுக்க வந்தவன் மாதிரியே போறான்" என்றார்.

சில மாதங்கள் அந்தச் சிறிய பிளாஸ்டிக் அட்டை வேலை செய்தது என்றே நினைத்தோம். உண்மையில் அதைக் காட்டவேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை. பையில் இருக்கிறது என்ற தைரியத்தில் நிமிர்ந்து நடந்தான். "டேய் நிலான்" என்று கூப்பிட்ட சிறுவர்களுக்குக் கையும் காட்டினான்.

பொரளைப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி. பகல் நேரம். ஒளிப்பதிவுக்குப் போகும் வழியில் பஸ்சை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யோகன் எனக்கு முன்னால் நின்றான். பொலிஸ்காரர் அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான். பஸ்சில் ஏறவேண்டியதுதான். அவன் ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து விருது அட்டையை எடுத்து நீட்டினான்.

அந்த மனிதருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. "நளுவெக்த?" என்றார், நடிகனா என்று. யோகன் சிரித்தான். அவர் இலச்சினையைத் தடவிப் பார்த்தார், சிங்கள வரிகளை உதட்டசைத்து வாசித்தார். பிறகு அடையாள அட்டையை மறுபடி கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"நம் தெகக்?"

இரண்டு பெயரா? யோகன் விளக்கத் தொடங்கினான். நானும் என் கம்பனிச் சிங்களத்தில் சொன்னேன்: இது நாடகத்துக்கு வைத்த பெயர், எங்கள் அண்ணர் வைத்தது. 'வைத்த பெயர்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் சொல்வது என்ன என்று எனக்கு விளங்கியது. அந்தக் காலத்தில், யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனுக்கு இன்னொருவர் வைத்த இரண்டாவது பெயர் என்றால் சாவடியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது இயக்கப்பெயர், புலிகள் தங்கள் ஆட்களுக்கு வைக்கும் பெயர். எங்களுக்குச் சட்டை மாதிரியான ஒன்று அவர்களுக்கு ஒப்புதல் வாக்குமூலமாக இருந்தது.

அவனை ஜீப்பில் ஏற்றும்போதும் மரியாதைக் குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. "நீங்கள் போங்கோ, ஷூட்டிங் பிந்துது" என்று என்னிடம் சொன்னான்.

அந்தோனி அண்ணர் தன் புகைப்பட அல்பத்தைத் தூக்கிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். ராஜா வேடம், பிச்சைக்காரன் வேடம், சூசையப்பர் வேடம். மேசைக்கு மேசை விரித்துக் காட்டினார்.

"சேர், எனக்கே மூணு பேரு. பாருங்க, நாடகக்காரன் எல்லாருக்கும் இருக்கும். பேர் வச்சது நான். பிடிக்கணும்னா என்னய பிடிங்க."

படங்களைப் பார்த்து அவர்கள் ரசித்தார்களாம். சூசையப்பர் படத்தை ஒருவர் கேட்டு வாங்கியும் வைத்துக்கொண்டாராம். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அவர் இன்னொரு நாளும் போனார். அதற்குப் பிறகும் போனார். யோகனைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் தொடரின் டைட்டிலில் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடியே போகவேண்டும் என்று அண்ணர் சண்டை பிடித்தார். தகப்பன் பெயரோடு முழுப்பெயர்கள். வாக்காளர் இடாப்பு வாசிப்பதுபோல இருந்தது. அடுத்த ஆண்டு அதே சிறந்த நகைச்சுவை நடிகர் விருது அவருக்கே கிடைத்தது. ஞானஸ்நானப் பெயர், குடும்பப் பெயர் எல்லாம் சேர்த்து அறிவிப்பாளர் மூச்சு வாங்க வாசித்தபோது, மண்டபத்தில் பலருக்கு அது யார் என்று தெரியவில்லை. கைதட்டல் பிந்தித்தான் வந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதை ஒருமுறைகூட விரித்துப் பார்க்கவில்லை.

இப்போது அந்த லொட்ஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். தெஹிவளைக் கராஜ் இல்லை. தொடரின் நாடாக்களுக்கு மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்துவிட்டார்கள் என்றார்கள். ஒரு பகுதிகூட எனக்குக் கிடைக்கவில்லை. அண்ணர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடமிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. யோகன் விடுவிக்கப்பட்டுவிட்டான், கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போனதாகப் பதிவு இருக்கிறது என்று. எந்தப் பெயரில் கையெழுத்து வைத்தான் என்று அண்ணர் கேட்டார். வழக்கறிஞர் அதைப் பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவன் தாயிடம் விசாரித்தேன். அங்கே அவன் வரவில்லை. வெளிநாடுகளில் இருக்கும் தெரிந்தவர்களிடம் இரண்டு பெயர்களையும் சொல்லிக் கேட்டுவருகிறேன். அவன் வெளியே வந்தான் என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.